பருவகாலத் திருத்தம்

ஒரு கை எவ்வளவு கனம் என்பது, கையைத் தூக்க முடிகிறவர்களுக்குத் தெரியாது. தோளிலிருந்து விரல் நுனி வரை, வளர்ந்த ஆளின் கை மூன்று கிலோவுக்குக் குறையாது. மூன்று கிலோ உருளைக்கிழங்கை ஒரு பையில் போட்டு, அந்தப் பையைத் தட்டிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து தட்டுக்குமாகத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தால், ஒரு வேளைச் சாப்பாட்டில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது விளங்கும். தோள் தசைகள் இந்த வேலையைச் சொல்லிக்காட்டாமல் செய்துவிடுவதால் நாம் அதை வேலை என்று நினைப்பதில்லை.

தட்சிணாமூர்த்தியின் தோள் தசைகள் வேலையை நிறுத்திவிட்டன. அவர் தில்லி ஆர்.கே.புரத்தில் ஓர் அமைச்சக அலுவலகத்தில் உதவியாளர். தசைகள் மெல்ல மெல்லக் கரைகிற நோய். முதலில் கால்கள் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. நாற்பது வயதுக்குப் பிறகு தோள்கள் போயின. மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் பழையபடியே இருந்தது. யாராவது கையை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டால், செக்ஷனிலேயே அழகான கையெழுத்தில் குறிப்பு எழுதுவார். மேஜையிலிருந்து வாய் வரை உள்ள தூரத்தைத்தான் கடக்க முடியவில்லை.

காலையிலும் இரவிலும் மனைவி சாந்தகுமாரியோ மகள் பிரியதர்ஷினியோ ஊட்டிவிடுவார்கள். சாந்தகுமாரி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை, பிரியதர்ஷினி கல்லூரியில் படிக்கிறவள். ஆகவே மதியம் பட்டினி. செக்ஷனில் ஊட்டிவிட ஆட்கள் தயாராக இருந்தார்கள். தட்சிணாமூர்த்தி தயாராக இல்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அக்டோபரில்தான் கேந்திராவிலிருந்து கருவி வந்தது. ராஷ்டிரிய புஜ சகாயதா கேந்திரா என்பது முழுப்பெயர். கை தூக்க முடியாதவர்களுக்கு உதவுவதற்கென்றே அரசாங்கம் ஏற்படுத்திய நிறுவனம் அது. அதன் வாசல் கதவு இழுத்துத் திறக்க வேண்டிய கனத்த கதவு.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் காய்கறி வண்டிக்காரரின் தராசைப் பார்த்தால் போதும். ஒரு தட்டில் கத்தரிக்காய், இன்னொரு தட்டில் அதே எடைக்குப் படிக்கல். இரண்டும் சமமாக நிற்கும்போது சுண்டுவிரலால் லேசாகத் தொட்டாலே கத்தரிக்காய் மேலே போகும். இந்தக் கருவியில் கத்தரிக்காயின் இடத்தில் கை, படிக்கல்லின் இடத்தில் ரப்பர் வளையங்கள். சக்கர நாற்காலியின் முதுகில் ஒரு கம்பம். கம்பத்திலிருந்து மடங்கி நீளும் இரண்டு தண்டுகள். முனையில், முன்கையைப் படுக்கவைக்கத் தொட்டில்போல ஒரு தகடு. ரப்பர் வளையங்கள் தண்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், கை தன் கனத்தால் கீழே இழுக்கும். இரண்டும் சமமானால் கைக்குக் கனமே இல்லை. மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சத் தசை பாரம் தூக்க வேண்டாம், வழி காட்டினால் போதும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. தில்லியில் கரண்ட் போகிற நேரத்திலும் சாப்பிடலாம்.

முதல் நாள் இரவு தட்சிணாமூர்த்தி சாப்பிட்டதை மனைவியும் மகளும் நின்று பார்த்தார்கள்.

"மெதுவா, மெதுவா. ரசம் முழங்கையில வழியுது பாருங்க," என்றாள் சாந்தகுமாரி.

"வழியட்டும். என் முழங்கைதானே."

"அம்மா, அப்பா ஊறுகாய் எவ்ளோ எடுக்கறார் பாரு! பஸ், பஸ் அப்பா, போதும்!" என்று பிரியதர்ஷினி கத்தினாள்.

அவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். இதற்கு ஒரு காரணம் உண்டு. சாந்தகுமாரி ஊட்டினால் ரத்தக் கொதிப்பை நினைத்து ஊறுகாய் கடைசிக் கவளங்களுக்குத்தான் வரும். பிரியதர்ஷினி ஊட்டினால் முதல் கவளத்திலேயே மொத்தமும் வந்துவிடும். எந்தக் கவளத்துக்கு எவ்வளவு ஊறுகாய் என்பதை அவர் தாமே முடிவு செய்து வெகு காலம் ஆகியிருந்தது. அன்று தயிர்சாதம் ஆறிப்போகும்வரை ஒவ்வொரு கவளத்துக்கும் முடிவு செய்தார்.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் மற்றவர்களைப்போல டிபன் டப்பாவைத் திறந்து மதியச் சாப்பாடு.

கருவி அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. சோதனைக் காலத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஒதுக்கீட்டுக் கமிட்டி ஒப்புக்கொண்டால் அது நிரந்தரமாக அவருடையது. அதுவரை வேறு எந்த உதவிக் கருவியும் பயன்படுத்தக் கூடாது, இதை எந்த விதத்திலும் மாற்றக் கூடாது. மாற்றாமல் இருக்கிறார்களா என்று தெரிய ரப்பர் மாட்டும் கொக்கிகளில் நூல் சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். முதலில் தண்டுகளின் மூட்டுகளுக்கும் சேர்த்தே முத்திரை வைத்தார்கள். அப்படி வைத்தால் கை அசையாது என்று தட்சிணாமூர்த்தி விளக்கியபின், கொக்கிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். கேந்திராவின் துணை இயக்குநர் அதை ஒரு பெரிய சலுகை என்றார்.

துணை இயக்குநர் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்துக்காரர், தில்லியிலேயே தலை நரைத்தவர். தட்சிணாமூர்த்தி தென்காசிக்காரர் என்று தெரிந்ததும் டீ வரவழைத்தார்.

"சர்க்கார் பொருள்ல அசையற பாகத்துக்கெல்லாம் சீல் வைக்கணும் சார். அசையாத பாகத்தை எவன் கழட்டப் போறான்? நீங்க நம்ம ஊர் ஆள். அதுக்காக நான் ரூலை வளைப்பேன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர் ஆள்னாலே இன்னும் கெட்டியாப் பிடிப்பேன். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது பாருங்க."

டீயை அவர் மேஜையில் வைத்திருந்தார். தட்சிணாமூர்த்தி கருவி வழியாகக் கப்பை எடுத்துக் குடித்தார். ஏகாம்பரம் அதைப் பார்க்கவில்லை. கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் வந்தது. தில்லிக் குளிரில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு. ஸ்வெட்டருக்கும் கோட்டுக்கும் கை உண்டு, அந்தக் கைகளுக்கும் கனம் உண்டு. போதாததற்கு ரப்பர் குளிரில் விறைத்துச் சோம்பிப்போகும். தராசில் கத்தரிக்காய் கூடிவிட்டது, படிக்கல் அப்படியே இருக்கிறது. தட்சிணாமூர்த்தியின் கை தட்டிலிருந்து கிளம்பி, மார்பு வரை வந்து, அங்கேயே நின்றது. அவர் கழுத்தை வளைத்துக் குனிந்து பார்த்தார். கவளத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கைக்குட்டை அகல இடைவெளி மிச்சம் இருந்தது.

"இன்னொரு ரப்பர் மாட்டுனா சரியாப்போகும்லா? நம்மளே மாட்டிருவமா?" என்றாள் சாந்தகுமாரி.

"சீல் உடைஞ்சா கருவியே போயிரும்டி."

கேந்திராவுக்குப் போனார்கள். ஏகாம்பரம் தலையில் குரங்குக் குல்லாயும் கழுத்தில் மப்ளரும் அணிந்து, காலடியில் ஹீட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க கேக்கறது பருவகாலத் திருத்தம். அதுக்கு முதல்ல பருவகாலம் மாறியிருக்கணும்."

"குளிர்காலம் வந்திருச்சே சார்."

"அது உங்க அபிப்பிராயம். எங்களுக்கு எழுத்துல வரணும்."

"நீங்களே ஹீட்டர் வச்சிருக்கீங்களே சார்," என்றாள் சாந்தகுமாரி.

"இது என் சொந்த ஹீட்டரும்மா. நான் தனிமனுஷனாக் குளிர்றேன். ஆபீஸ் இன்னும் குளிரலை."

ஜனவரி நடுவில் ஆபீஸ் குளிர்ந்தது. அமைச்சகத்திலிருந்து ஹீட்டர் போடும்படி உத்தரவு வந்தது. உடனே தொழில்நுட்பத் துணைக் கமிட்டி கூடி, கூடுதல் பாரத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஸ்வெட்டரைப் பரிசோதனைக்கு ஒப்படைக்கச் சொன்னது. சாந்தகுமாரி பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர் அது. அதை ஒரு துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்து, பரிசோதனை முடியும்வரை கிடங்கில் வைத்தார்கள். கோட்டு ஸ்வெட்டரின் தொடர்ச்சி என்பதால் அதுவும் போனது.

அடுத்த வாரம் தட்சிணாமூர்த்தியை வரவழைத்துக் கருவியைச் சோதித்தார்கள். பல் கிடுகிடுக்க வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையை வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கை கச்சிதமாக வாய்க்குப் போனது. 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினார்கள்.

"ஸ்வெட்டர் இல்லாததாலதான் சார் போகுது," என்றார் தட்சிணாமூர்த்தி.

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ கோளாறு கருவியில இல்லை, ஸ்வெட்டர்ல. ஸ்வெட்டர் எங்க டிபார்ட்மெண்டே இல்லை சார். ஜவுளி."

ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு கமிட்டி கூட வேண்டியிருந்தது. வேறொரு பழைய ஸ்வெட்டரை வீட்டில் தேடி எடுத்தார்கள். அலுவலகத்தில் மதியம் சாப்பிடுவதற்கு முன் அதைக் கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். கையைத் தூக்க முடியாதவருக்கு ஸ்வெட்டர் கழற்றுவதும் மாட்டுவதும் எளிதல்ல. ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் இழுப்பார். சாப்பிட்டதும் மறுபடி இரண்டு பேர். ஊட்டிவிடுவதற்கு ஒருவர் போதுமாக இருந்தது. தாமாகச் சாப்பிடுவதற்கு நான்கு கைகள் தேவைப்பட்டன. ஒரு வாரம் பார்த்தார். பிறகு டிபன் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இதற்குள் மார்ச் வந்தது. மார்ச் மாதம் அரசாங்க அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் இளகிய மனது வந்துவிடும். செலவாகாத தொகை அந்த மாதத்தோடு காலாவதியாகிவிடும் என்பது காரணம். கேந்திராவுக்கும் இளகிய மனது வந்தது. ஒரு ரப்பர் வளையம் கேட்டவருக்கு இரண்டு வழங்கினார்கள், ஒன்று ஸ்வெட்டருக்கு, மற்றது கோட்டுக்கு. ஏப்ரல் கடைசியில் ஆள் வந்து இரண்டையும் மாட்டி, புது அரக்கு வைத்துவிட்டுப் போனார். வெயிலில் அரக்கு காயக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தட்சிணாமூர்த்தி அரைக்கைச் சட்டை போட்டிருந்தார்.

அவர் கையைத் தொட்டிலில் வைத்து விட்டதும், கை தானாகக் கிளம்பியது. மார்பைத் தாண்டி, வாயைத் தாண்டி, நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கீழே இழுத்துப் பார்த்தார். அவரிடம் இருந்த தசைக்குத் துணையாக ஸ்வெட்டர் எடையும் இல்லை, கோட்டு எடையும் இல்லை. வெயிலில் இளகி உற்சாகமாகியிருந்த ரப்பர் வென்றது.

மறுநாள் அலுவலகத் தாழ்வாரத்தில் அவர் போனபோது எதிரே வந்தவர்கள் பதில் வணக்கம் வைத்தார்கள். இணைச் செயலாளர் ஒருவர், 'எத்தனை கஷ்டத்திலும் எவ்வளவு மரியாதை' என்று பக்கத்திலிருந்தவரிடம் வியந்தார். மாலையில் மலை மந்திர் முருகன் கோயில் அடிவாரத்தில் ஓர் அம்மாள் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவருடைய உயர்ந்த உள்ளங்கைக்குக் கீழே பிடித்தாள். அந்த வாரமே செக்ஷன் கூட்டத்தில், செப்டம்பரில் வரும் இந்தி வார விழாவை யார் பொறுப்பேற்று நடத்துவது என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை மட்டும் உயர்ந்திருந்தது.

"ஒரு தமிழர்!" என்று அதிகாரி கைதட்டினார். "எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

ஏகாம்பரத்திடம் போய்க் கோடைக்கு ஏற்றபடி இரண்டு வளையங்களைக் கழற்றித் தரும்படி கேட்டார்கள்.

"பருவகாலத் திருத்தம் வருஷத்துக்கு ஒண்ணுதான் சார். உங்க இந்த வருஷக் குளிர்காலத்தை இப்பத்தான் வாங்கிட்டுப் போனீங்க."

"கை கீழ வர மாட்டேங்குதே."

"வரலைன்னு கவலைப்படறீங்க. இங்க வர்றவங்க எல்லாம் கை மேல போகலைன்னுதான் வர்றாங்க. நீங்க எங்களோட பெரிய வெற்றி சார்."

வீட்டில் சாந்தகுமாரிதான் வழி கண்டுபிடித்தாள். ரப்பரைக் குறைக்க முடியாது, கையைக் கனமாக்கலாமே. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்திருந்த துவரம் பருப்பை ஒரு துணியில் முடிந்து, அவர் மணிக்கட்டில் கட்டினாள். கொஞ்சம் எடுத்தாள், கொஞ்சம் சேர்த்தாள். கை நெற்றியிலிருந்து இறங்கி, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் தராசு முள்ளைப்போல நின்றது. பிறகு அவர் நினைத்த பக்கமெல்லாம் போனது.

"ஸ்வெட்டருக்குப் பதிலா பருப்பு," என்றார் தட்சிணாமூர்த்தி.

"சாம்பாருக்கு வேணும்னா சொல்லுதேன், அவுத்துக் குடுங்க," என்றாள் சாந்தகுமாரி.

ஒரு மாதம் அவர் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்.

ஜூன் மாதம் ஒதுக்கீட்டுக் கமிட்டி கூடியது. கருவி அவருடையதாகுமா என்று முடிவாகும் நாள். கமிட்டியில் பயனாளிகளின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. கேந்திராவுக்கு அப்போது இருந்த பயனாளி தட்சிணாமூர்த்தி மட்டுமே. மற்ற கருவிகள் எல்லாம் பத்திரமாக, பெட்டி பிரிக்காமல், கிடங்கில் இருந்தன. ஆகவே தட்சிணாமூர்த்தியின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கமிட்டியில் தட்சிணாமூர்த்தியும் உறுப்பினர்.

வாசலில் ஏகாம்பரம் எதிர்கொண்டு வரவேற்றார். அவர் பார்வை மணிக்கட்டுக்குப் போனது.

"இது என்ன?"

"துவரம் பருப்பு."

"என்ன சார் இது! சர்க்கார் கருவியோட அந்நியப் பொருளைச் சேர்த்து, இயக்குநர் முன்னாடி... நல்லவேளை நான் பார்த்தேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." முடிச்சைத் தாமே அவிழ்த்துத் தம் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கை மெல்ல எழுந்து நெற்றிப் பக்கம் போனது. அந்தக் கோலத்திலேயே சாந்தகுமாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூட்ட அறைக்குள் விட்டாள். அவளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

இயக்குநர் டாக்டர் பட்நாகர் தட்சிணாமூர்த்தியின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, கேந்திராவின் வெள்ளி விழா வருகிறது. வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்றும் வருகிறது. நம் கருவிகளை மக்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பயன்படுத்துகிறார்கள் என்று பெருமையோடு பதில் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். கிடங்கில் உள்ள கருவிகள் புத்தம் புதியவை. அவற்றைக் காட்டினால் யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்துவிடும். பயன்பட்டது இது ஒன்றுதான். பாருங்கள், தகட்டில் ஊறுகாய்க் கறைகூட இருக்கிறது. இதைவிட நேர்மையான ஆதாரம் எங்கே கிடைக்கும்? எனவே இந்தக் கருவியைத் திரும்பப் பெற்று, முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. கறையைத் துடைக்க வேண்டாம். ஆனால் நம்முடையது ஜனநாயக நிறுவனம். பயனாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய துரும்பைக்கூடத் தொடமாட்டோம். சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள்."

சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். மற்ற உறுப்பினர்கள் கையை உயர்த்தச் சற்று அவகாசம் எடுத்துக்கொண்டார்கள். தட்சிணாமூர்த்தியின் கை முதலிலேயே உயர்ந்திருந்தது.

"ஐயா, இது என் சம்மதம் இல்லை," என்றார் அவர். "இது ரப்பர். கூடுதலாக இரண்டு வளையம் மாட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்துக்காக."

இயக்குநர் ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"குறிப்பில் கைகளைத்தான் எண்ணுவோம் சார்," என்றார் ஏகாம்பரம். "ரப்பரை எண்ண வழி இல்லை."

"அவர் இறக்கட்டுமே, விருப்பம் இல்லையென்றால்," என்று ஓர் உறுப்பினர் நியாயமாகச் சொன்னார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். தட்சிணாமூர்த்தி தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் கொண்டு கீழே இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை கொஞ்சம் நடுங்கி, கொஞ்சம் இறங்கி, இன்னும் உயரமாக எழுந்தது.

"எவ்வளவு உறுதி!" என்றார் இயக்குநர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அவர்களே கருவியைக் கழற்றினார்கள். கை மடியில் விழுந்தது. சாந்தகுமாரி உள்ளே வந்து பார்த்துவிட்டு, அந்தக் கையை எடுத்து நாற்காலிப் பிடிமேல் சரியாக வைத்தாள். பிறகு ஏகாம்பரத்திடம் திரும்பினாள்.

"பருப்பைக் குடுங்க."

"அதுக்கு ஒரு ரசீது..."

"பருப்பைக் குடுங்க சார்."

கொடுத்தார்.

வெளியேறும் வழியில் முன்கூடத்தில் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார்கள். கை இல்லாததால் ரப்பர் அதைக் கடைசி எல்லைவரை தூக்கி நிறுத்தியிருந்தது. தகடு பெட்டியின் மேல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வகுப்பில் யாரோ கேள்வி கேட்கக் கையை உயர்த்தி, ஆசிரியர் பார்க்காமலே போய்விட்டதுபோல இருந்தது.

கருவி போனபின் நிபந்தனைகளும் போய்விட்டன என்பது தட்சிணாமூர்த்திக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயிற்று. அதுவரை மறுபடி ஊட்டல், மறுபடி கடைசிக் கவளத்து ஊறுகாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியதர்ஷினி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாயை மூடிக்கொண்டு நிலைப்படியையே பார்த்தார்.

"க்யா ஹுவா அப்பா? போதுமா?"

"அந்த நிலையில ஒரு கொக்கி அடிக்க முடியுமா பாரு."

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னார், மனைவியும் மகளும் செய்தார்கள். நிலைப்படியின் மேல்கட்டையில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து பழைய சைக்கிள் டியூபை வெட்டிய வளையங்கள். அவற்றின் நுனியில், முன்கையைத் தாங்க, தடித்த துணியில் தைத்த ஓர் ஏணை. கேந்திராவின் கருவிக்கு இது ஈடில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதில் கை பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு போகும். இதில் மேலும் கீழும்தான். தட்டைச் சரியாகக் கைக்கு நேரே வைக்க வேண்டும். நிலைப்படியை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஆகவே மதியம் பட்டினிதான். ஆனால் காலையும் இரவும் அவர் தம் கையால் சாப்பிட்டார்.

அடுத்த டிசம்பரில் ஒருநாள் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். வெள்ளி விழா மலருக்குப் பயனாளியின் வாழ்த்துச் செய்தி வேண்டும் என்றார். இரவுச் சாப்பாட்டு வேளை. நிலைப்படியின் கீழே ஒரு சிறிய மேஜை, மேஜையில் தட்டு.

"அப்பா, ஸ்வெட்டர் போட்டாச்சா? அச்சா, ஒண்ணு ஜாஸ்தி மாட்டறேன்," என்று பிரியதர்ஷினி வந்து, ஸ்டூலில் ஏறி ஒரு வளையத்தை மாட்டிவிட்டு, போனில் விட்ட பேச்சைத் தொடரப் போனாள்.

ஏகாம்பரம் மப்ளரைத் தளர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். டியூபைத் தொட்டுப் பார்த்தார். கொக்கியை அண்ணாந்து பார்த்தார். ஏணையில் தொங்கிய, ஒருவழியாகக் கமிட்டி கூடித் திருப்பித் தந்திருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர் கை, தயிர்சாதத்தை உருட்டி, ஊறுகாயில் ஒரு புரட்டுப் புரட்டி, இன்னொரு புரட்டும் புரட்டிக்கொண்டு மேலே போவதை, இத்தனை வருட உத்தியோகத்தில் முதல் முறையாகக் கவனமாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. மார்ச் மாதம் வர இன்னும் நாள் இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார் உண்மையாகவே. பிறகு கொக்கியை மறுபடி ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சீல் எங்கே வைப்பீங்க?" என்று கேட்டார்.

தட்சிணாமூர்த்தியின் வாய் நிறையச் சோறு இருந்தது.